நோய் ரத்தத்திலா, தெருவிலா? – டு பாய்ஸ் எண்ணிக் காட்டிய உண்மை

1896ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஃபிரெடரிக் ஹாஃப்மன். பெரிய காப்புறுதி நிறுவனம் ஒன்றில் புள்ளியியலாளராக வேலை பார்த்தவர். பக்கம் பக்கமாக அட்டவணைகளை அடுக்கி, அவர் ஒரு முடிவைச் சொன்னார். கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட அதிகமாக நோய்வாய்ப்படுகிறார்கள்; சீக்கிரம் இறக்கிறார்கள்; அதற்குக் காரணம் அவர்களுடைய இனக்கூறு; எனவே அந்த இனம் காலப்போக்கில் தானாகவே தேய்ந்து போகும். இதுதான் அவர் முடிவு.

எண்கள் நிறைந்த நூல் என்பதால் படித்தவர்கள் பலர் அதை அறிவியல் என்றே ஏற்றுக்கொண்டார்கள். காப்புறுதி நிறுவனங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று கணக்கே சொல்லும்போது, கறுப்பினத்தவருக்குக் காப்புறுதி தர மறுத்தால் யார் கேட்பார்கள்?

அதே 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் கையில் கேள்வித் தாள்களோடு வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கினார். அவர் பெயர் வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டு பாய்ஸ்.

இந்தப் பெயரைச் சிலர் வரலாற்று நூல்களில் பார்த்திருப்பீர்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர், எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் அறிமுகம் செய்கிறார்கள். பொதுச் சுகாதாரம் படிக்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது அவருடைய வேறொரு முகத்தை. ஒரு மனிதன் எவ்வளவு காலம் உயிர் வாழ்வான் என்பதை அவன் குடியிருக்கும் தெருவும் தீர்மானிக்கிறது என்பதை எண்ணிக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

இளமையும் படிப்பும்

டு பாய்ஸ் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்று ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியாத நேரம் அது. சிறு வயதிலேயே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் மேரி சில்வினாதான் உழைத்து வளர்த்தார். மகன் பள்ளிப் படிப்பை முடித்த மறு ஆண்டே, 1885இல், அவரும் மறைந்தார்.

ஊரில் இருந்த தேவாலயங்கள் பணம் திரட்டி அவரைத் தெற்கே, டென்னசி மாநிலத்திலிருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. அது கறுப்பின மாணவர்களுக்கான கல்விக்கூடம். கோடை விடுமுறைகளில் அவர் டென்னசியின் கிராமப்புறப் பள்ளியில் பாடம் நடத்தினார். வடக்கே வளர்ந்த அவர், தெற்கின் வறுமையை நேரில் பார்த்தது அப்போதுதான்.

பிறகு ஹார்வர்ட். அங்கிருந்து உதவித்தொகையில் ஜெர்மனியின் பெர்லின் பல்கலைக்கழகம். 1892 முதல் 1894 வரை அங்கே படித்தார். பெர்லினில் அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பொருளியலாளர் குஸ்தாவ் ஷ்மோலர். முதலில் கொள்கையை வகுத்துக்கொண்டு பிறகு அதற்கேற்ற சான்றைத் தேடாதே. தகவலைப் பொறுமையாகத் திரட்டு, முடிவு அதிலிருந்து வரட்டும் என்பது அந்த ஆசிரியர்களின் போக்கு. டு பாய்ஸ் இதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆனால் அந்தத் தகுதிக்கேற்ற வேலையை எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் தரவில்லை. ஒஹாயோவிலிருந்த வில்பர்ஃபோர்ஸ் என்ற சிறிய கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் வட்டாரம்

இந்த நேரத்தில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பிலடெல்பியாவில் அப்போது ஏறத்தாழ 40,000 கறுப்பினத்தவர் வாழ்ந்தனர். அவர்களில் அதிகமானோர் நெருக்கமாகக் குடியிருந்த இடம் ஏழாம் வட்டாரம். நகரத்தின் குற்றங்களுக்கும் அரசியல் ஊழலுக்கும் இந்த மக்களே காரணம் என்ற எண்ணம் வசதி படைத்த வெள்ளையரிடையே பரவியிருந்தது. அதை ஒரு முறை முறையாக ஆராய்ந்து பார்த்துவிடலாம் என்று சீர்திருத்தவாதிகள் சிலர் நினைத்தனர்.

நியமனம் ஓராண்டுக்கு. சம்பளம் 900 டாலர். சமூகவியல் துறையில் உதவியாளர் என்று பதவிக்குப் பெயர் இருந்தது. ஆனால் வகுப்பு எடுக்க வாய்ப்பில்லை. பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. ஹார்வர்டும் பெர்லினும் பார்த்து வந்த அறிஞருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

டு பாய்ஸ் அதற்காக வேலையைத் தட்டிக் கழிக்கவில்லை. புதிதாக மணந்த மனைவி நீனாவோடு ஏழாம் வட்டாரத்திலேயே, அதுவும் அதன் மிக மோசமான பகுதியில், ஓர் உணவுக்கூடத்தின் மேலிருந்த ஒற்றை அறையில் குடியேறினார். பகலில் வீடு வீடாகப் போவார். இரவில் தாள்களைச் சரிபார்ப்பார்.

உதவிக்கு ஆட்களை வைத்துக்கொள்ளாமல் வீடுகளுக்கு அவரே நேரில் சென்றார். குடும்பத்துக்கு ஒரு கேள்வித் தாள், தனி ஆளுக்கு ஒன்று, வீட்டின் நிலைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, தேவாலயம், சங்கம் போன்ற அமைப்புகளுக்கு ஒன்று, வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு ஒன்று என ஆறு வகைத் தாள்களை உருவாக்கியிருந்தார். தெருவுக்கும் தனியாக ஒரு தாள் வைத்தார் பாருங்கள், அதில்தான் அவர் சிந்தனையின் திசை தெரிகிறது. ஆளை மட்டும் கேட்டால் போதாது, அவன் நிற்கும் மண்ணையும் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

மக்கள் அவரை இருகை நீட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்ற இந்தப் படித்த இளைஞரைச் சொந்த இனத்தவரே சந்தேகத்தோடு பார்த்தார்கள். தங்களை ஏதோ விநோதப் பொருள்போல ஆராய்வதை அவர்கள் விரும்பவில்லை. தன் மக்களைப் பற்றித் தனக்கே அதிகம் தெரியாது என்பதை அங்கேதான் உணர்ந்ததாக டு பாய்ஸ் பிற்காலத்தில் எழுதினார். 1897 இறுதிவரை, சுமார் 15 மாதங்கள், இந்த வேலை நடந்தது. ஏழாம் வட்டாரத்தில் மட்டும் அவர் கணக்கில் வந்தவர்கள் 9,675 பேர்.

கதவுக்குப் பின்னால் கண்டது

1899இல் இந்த ஆய்வு 'பிலடெல்பியா நீக்ரோ' என்ற பெயரில் நூலாக வந்தது. நீக்ரோ என்ற சொல்லை இன்று நாம் பயன்படுத்துவதில்லை. அக்காலத்தில் அந்த மக்களே மதிப்போடு ஏற்றுக்கொண்ட சொல் அது. நூலின் தலைப்பு என்பதால் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அந்த நூலில் வீடுகளைப் பற்றிய ஒரு கணக்கு வருகிறது. 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிவறையும் பயன்படுத்த முடிந்தவை 334 மட்டுமே. நூற்றுக்கு 14 குடும்பங்கள்கூட இல்லை. தெருவைப் பார்த்த வீடுகளுக்குப் பின்னால், கொல்லைப்புறம் முழுவதையும் அடைத்துச் சிறு சிறு குடியிருப்புகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். குறுகிய சந்து வழியாகத்தான் உள்ளே போக முடியும். காற்றும் வெளிச்சமும் அரிது. தண்ணீருக்குச் சந்திலிருந்த பொதுக்குழாய்தான் கதி.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாடகையாவது குறைவா? இல்லை. கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட அதிக வாடகை கொடுத்தார்கள்.

அப்படியானால் வேறு இடத்துக்குப் போய்விடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். டு பாய்ஸும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பதில் தேடினார். அவர் கண்ட சங்கிலி இதுதான். தொழிற்சாலை வேலைகளும் கைத்தொழில்களும் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. தொழிற்சங்கங்கள் பலவும் அவர்களைச் சேர்க்கவில்லை. கிடைத்தது வீட்டு வேலை, எடுபிடி வேலை. அந்த வேலைக்கு முதலாளிகளின் மாளிகைகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அருகிலிருந்த வீடுகளிலோ வாடகை அதிகம். தள்ளியிருந்த பகுதிகளில் வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு வீடு தர மறுத்தார்கள். துணிந்து போனாலும் அக்கம்பக்கத்தாரின் வெறுப்பைத் தாங்க வேண்டும். ஆகவே இருக்கும் இடத்திலேயே நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வாடகையைச் சமாளிக்க, இருக்கும் அறைகளில் வெளியாட்களையும் குடிவைத்தார்கள்.

இப்போது காசநோயை எண்ணிப் பாருங்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் குணமாக்கும் மருந்து 1940களில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் தப்புவதும் மடிவதும் அவர் உண்ணும் உணவு, உறங்கும் அறை, சுவாசிக்கும் காற்று ஆகியவற்றைப் பெரிதும் பொறுத்திருந்தது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுத்தால், ஒருவர் இருமல் எல்லோருக்கும் போகும். கிருமிக்குத் தோலின் நிறம் தெரியாது, நெருக்கம் தெரியும்.

நகரத்தின் முதலாளியையும் வீட்டுச் சொந்தக்காரரையும் தொழிற்சங்கத்தையும் நுரையீரலோடு இணைத்துக் காட்டும் இந்தச் சங்கிலியைத்தான் இன்று பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதாரத்தின் சமூகக் காரணிகள் என்கிறோம்.

ஒரே இனம், இரண்டு தெரு

இனி, நூலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் வெள்ளையரின் விகிதத்தைவிட அதிகம் என்பதை டு பாய்ஸ் மறுக்கவில்லை. காசநோய், நிமோனியா, குழந்தை இறப்பு ஆகிய மூன்றிலும் அது அதிகமாகவே இருந்தது. ஹாஃப்மனும் இதைத்தான் சொன்னார். இரண்டு பேர் கையிலும் இருந்தவை ஏறத்தாழ ஒரே விதமான எண்கள். கேள்வியில்தான் வித்தியாசம்.

ஹாஃப்மன் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு அங்கேயே நின்றுவிட்டார். டு பாய்ஸ், கறுப்பரையும் கறுப்பரையும் ஒப்பிட்டார். நகரின் வட்டாரங்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கறுப்பினத்தவரின் இறப்பு விகிதத்தைப் பார்த்தார். சுகாதாரத்தில் மிக மோசமான ஐந்தாம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 48 பேர் இறந்தனர். நல்ல வீடுகளும் சுத்தமான தெருக்களும் இருந்த முப்பதாம் வட்டாரத்தில் அது ஏறக்குறைய 22. ஒரே நகரம், ஒரே இனம், ஒரே காலம். முகவரி மாறியதும் சாவின் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

ரத்தம்தான் காரணம் என்றால், முப்பதாம் வட்டாரத்தில் இருந்தவர்களின் உடம்பில் ஓடியது வேறு ரத்தமா?

அதோடு அவர் நிற்கவில்லை. ஹாஃப்மனின் நூலுக்கு 1897இல் எழுதிய மதிப்புரையில் இன்னொரு கேள்வியை வைத்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட அதிக இறப்பு விகிதம் கொண்ட ஐரோப்பிய நகரங்கள் இருக்கின்றனவே; அங்கே இறப்பவர்கள் வெள்ளையர்தாமே; அவர்களும் அழியப்போகும் இனமா?

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். டு பாய்ஸ் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்பதை மாற்றினார். அந்த ஒரு மாற்றம் முடிவையே தலைகீழாக்கியது. எண் தானாகப் பேசும் என்பார்கள். கேட்கிறவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறாரோ அதற்குத்தான் எண் பதில் சொல்லும்.

இன்று ஒருவர் வாழும் சுற்றுப்புறம் அவர் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்வது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஏழைகள் நோய்வாய்ப்படுவது அவர்கள் ஏழைகள் என்பதாலா, அல்லது அவர்கள் வாழ நேர்ந்த இடம் அதற்கு மேலும் ஏதாவது சேர்க்கிறதா என்பது அத்துறையின் மையக் கேள்வி. ஓர் இடத்தில் வாழும் ஆட்களின் தன்மை ஒன்று, அந்த இடத்தின் தன்மை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றைய கணினிகளுக்கே சுலபமல்ல. டு பாய்ஸ் பென்சிலையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு முதல் அடியை எடுத்தார்.

லண்டனில் சார்ல்ஸ் பூத் வறுமையை வண்ண வரைபடங்களாகத் தீட்டியிருந்தார். அந்த முறையைப் பின்பற்றி, ஏழாம் வட்டாரத்தின் ஒவ்வொரு வீட்டையும் நான்கு நிலைகளாகப் பிரித்து, நான்கு நிறத்தில் வரைபடம் செய்தார் டு பாய்ஸ். கறுப்பினத்தவர் என்றாலே ஒரே கூட்டம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வரைபடம் பதில் சொன்னது. அங்கே வசதியானவர்கள் இருந்தார்கள், உழைப்பாளர்கள் இருந்தார்கள், மிக ஏழைகள் இருந்தார்கள்.

நூலின் குறைகள்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையை மறைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது மாணவர்களுக்கு நன்மை செய்யாது. டு பாய்ஸின் நூலில் இன்று படிக்கும்போது உறுத்தும் இடங்கள் இருக்கின்றன. நான்கு நிலைகளில் கடைசி நிலையை ஒழுக்கம் கெட்டவர்கள், குற்றவாளிகள் என்றே அவர் பெயரிட்டார். உழைக்கும் குடும்பங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி, மேலிருந்து பார்க்கும் தொனியில் அறிவுரை சொன்னார். படித்த மேல்தட்டினர் மற்றவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்பது அப்போது அவர் நம்பிக்கை.

ஆனால் மக்களிடம் மாற வேண்டியதைச் சொன்ன அதே நூல், நகரத்திடம் மாற வேண்டியதையும் விடவில்லை. மருத்துவமனைக்குப் போக மக்கள் அஞ்சினார்கள் என்று எழுதியவர், அங்கே அவர்களைக் கடுகடுப்போடு நடத்தியதும் அந்த அச்சத்துக்குக் காரணம் என்று சேர்த்து எழுதினார். கறுப்பின மருத்துவர் நேதன் மொசெல் 1895இல் அதே வட்டாரத்தில் ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரில் தனி மருத்துவமனை தொடங்க வேண்டிவந்தது எதனால் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நோயைவிடக் கடினமான பிரச்சினை எது என்றும் டு பாய்ஸ் சொன்னார். இத்தனை பேர் துன்பப்படுவது தெரிந்தும் ஒரு நாடே அதைப் பொருட்படுத்தாமல் இருக்கும் மனநிலைதான் அது. புள்ளிவிவர அத்தியாயத்தின் நடுவே இந்தக் கருத்து வரும்போது, எத்தனை முறை படித்தாலும் நான் கொஞ்சம் நின்றுதான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன்.

1899: இரண்டு இழப்புகள்

பிலடெல்பியா வேலை முடிந்ததும் டு பாய்ஸ் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஆண்டுக்கு ஒரு தலைப்பாக ஆராயும் மாநாடுகளுக்குப் பொறுப்பேற்றார். உலகம் இனத்தைப் பற்றித் தவறாக நினைப்பதற்குக் காரணம் அறியாமைதான். உண்மையைத் திரட்டி முன்வைத்தால் தவறு தானாகத் திருந்தும். அப்போது அவர் இப்படித்தான் நம்பினார்.

1899 ஏப்ரலில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை அட்லாண்டாவுக்கு அருகில் ஒரு கும்பல் விசாரணையின்றிக் கொடூரமாகக் கொன்றது. நியாயத்தை எடுத்துச் சொல்லும் கடிதத்தோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் புறப்பட்டார் டு பாய்ஸ். கொலையுண்டவரின் உடல் பாகங்கள் கடைத்தெருவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் செய்தி வழியிலேயே அவர் காதுக்கு எட்டியது. அவர் திரும்பி நடந்தார்.

அடுத்த மாதமே அவருடைய முதல் குழந்தை பர்கார்ட் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். ஒன்றரை வயது. வெள்ளை மருத்துவர்கள் கறுப்பினக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கப் பெரும்பாலும் முன்வராத நகரம் அட்லாண்டா. கறுப்பின மருத்துவர்களோ மிகச் சிலர். இத்தனைக்கும் அந்த நோய்க்கான எதிர்நச்சு மருந்து சில ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. பிள்ளையின் உடலை அட்லாண்டாவின் மண்ணில் புதைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தந்தை பிறந்த கிரேட் பாரிங்டனுக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். தாய் நீனா அந்தத் துயரத்திலிருந்து கடைசிவரை முழுமையாக மீளவில்லை.

பிலடெல்பியாவில் அவர் எண்ணிய குழந்தை இறப்புகளில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு வீட்டின் பர்கார்ட். இப்போது அந்தக் கணக்கு அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நோயின் பெயரை மட்டும் எழுதும் இறப்புச் சான்றிதழில், எந்த நகரம், எந்த நிறம், எத்தனை மருத்துவர்கள் கதவைத் திறப்பார்கள் என்பதற்கெல்லாம் இடம் இருப்பதில்லை.

மீண்டும் எண்களோடு

அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, அட்லாண்டா மாணவர்களோடு சேர்ந்து கறுப்பின மக்களின் நிலம், கல்வி, தொழில், மக்கள்தொகை ஆகியவற்றை விளக்கும் சுமார் 60 வண்ண விளக்கப்படங்களைக் கையால் தீட்டினார். கப்பலில் மிகக் குறைந்த கட்டணத்துக்குரிய கீழ்த்தளத்தில் பயணம் செய்து அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் காட்சிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தரவு வரைகலை படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள்.

1906இல் அட்லாண்டா மாநாட்டின் தலைப்பு கறுப்பின அமெரிக்கரின் உடல்நலமும் உடலமைப்பும். அந்த அறிக்கை ஹாஃப்மன் வகையறாவுக்கு அவர் தந்த முழுமையான பதில். காசநோய் ஓர் இனத்தின் நோய் அல்ல, சமூகத்தின் நோய் என்று அதில் நிறுவினார். நியூயார்க், சிகாகோ நகரங்களின் சில பகுதிகளில் வாழும் வெள்ளையரின் காசநோய் விகிதம், வேறு சில நகரங்களில் வாழும் கறுப்பினத்தவரின் விகிதத்தைவிட அதிகமாக இருந்ததை எடுத்துக்காட்டினார். மக்களைப் பொருளாதார நிலைப்படி பிரித்துப் பார்த்தால் இனம் என்ற காரணம் ஏறக்குறைய மறைந்தே போகும் என்பது அவர் முடிவு. ஊர்தோறும் மக்களே சுகாதாரக் கழகங்களை அமைத்து நோய்த்தடுப்பு அறிவைப் பரப்ப வேண்டும் என்றும் மாநாடு கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு அலபாமா மாநிலத்தின் லவுண்டெஸ் மாவட்டத்தில் அரசாங்கத்துக்காக மிக விரிவான ஆய்வு ஒன்றை நடத்தினார். அந்த வேலையில் இருந்தபோதுதான் அட்லாண்டாவில் இனக் கலவரம் வெடித்த செய்தி வந்து, குடும்பத்தைக் காக்க ஓடோடித் திரும்பினார். முடித்துக் கொடுத்த அறிக்கையையோ அரசாங்கம் வெளியிடவில்லை. அரசியலைத் தொடுகிறது என்றார்கள். பிறகு கேட்டபோது அது அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் வந்தது.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைக் கேட்க வைப்பது இன்னொரு வேலை என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. 1909இல் கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1910இல் பேராசிரியர் பதவியை விட்டு நியூயார்க் சென்று, சங்கத்தின் 'தி கிரைசிஸ்' இதழைத் தொடங்கி, 24 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். காலனி ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் விடுதலைக்கும் குரல் கொடுத்தார். 1946இல் டாக்டர் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவைப் பற்றி அதில் விசாரித்திருந்தார். டு பாய்ஸ் ஆதரவோடு பதில் எழுதினார்.

முதுமையிலும் அவரை நிம்மதியாக விடவில்லை. சமாதான இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1951இல், 82 வயதில், அந்நிய நாட்டின் முகவர் என்று வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் பல ஆண்டுகள் கடப்பிதழ் மறுக்கப்பட்டது. 1961இல் அதிபர் குவாமே நிக்ரூமாவின் அழைப்பை ஏற்று கானா நாட்டுக்குச் சென்றார். 1963 ஆகஸ்ட் 27ஆம் நாள் தலைநகர் அக்ராவில், 95ஆம் வயதில் காலமானார். மறுநாள், வாஷிங்டனில் மாபெரும் உரிமைப் பேரணிக்குத் திரண்டிருந்த கூட்டத்தில் அவர் மறைவு அறிவிக்கப்பட்டது.

மாணவர்களுக்கு

1896இல் ஆசிரியர் பட்டியலில் இடம் தராத பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 2012ஆம் ஆண்டு அவருக்குக் கௌரவ ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டம் வழங்கியது. இடையில் 116 ஆண்டுகள்.

மருத்துவம், தாதிமை, புள்ளியியல், சமூகவியல், நகரத் திட்டமிடல் எதைப் படிக்கப் போகிறவராக இருந்தாலும், இந்த வாழ்க்கையிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு சமூகத்தில் நீரிழிவு அதிகம், ஒரு குடியிருப்பில் டிங்கி அதிகம், ஓர் இனத்தில் இதய நோய் அதிகம் என்று எங்கேயாவது படித்தால், அந்த எண்ணை மறுக்க அவசரப்படாதீர்கள். அது சொல்வதாகக் கூறும் காரணத்தை நம்பவும் அவசரப்படாதீர்கள். அதே மக்கள் வேறு இடத்தில் எப்படி இருக்கிறார்கள்? அதே இடத்தில் வேறு மக்கள் எப்படி இருக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அடுத்த இடுபணிக்கு ஆய்வு செய்யும்போது, ஆட்களுக்கான கேள்வித் தாளோடு தெருவுக்கும் ஒரு தாள் வையுங்கள். நடைபாதை, சாக்கடை, கிளினிக்குக்கு உள்ள தூரம், காய்கறி வாங்கும் கடை, வாடகை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள்.

முடிவு எழுதி மதிப்பெண் வாங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டவணை சரியாக இருந்தும் அறிக்கை அழிக்கப்பட்டதைப் பார்த்தவர் டு பாய்ஸ். அதனால்தான் எண்ணுவதோடு நிற்காமல் எழுதினார், பேசினார், அமைப்பு கட்டினார். எண்ணத் தெரிந்தவர்கள் பேசவும் கற்றுக்கொண்டால்தான், சந்திலிருக்கும் குழாய் ஒருநாள் வீட்டுக்குள் வரும்.